ஹார்ட் மாத்திரை

துணை மேலாளருக்கு மேலாளர் நாற்காலி கிட்டத்தட்டக் கைக்கெட்டிவிட்ட சமயத்தில்தான் டாக்டர் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பழம், கீரை, வெந்நீர் எதற்கும் மசியாத வயிறு அது. தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில் போடச் சொன்னார்.

பெட்டிக்குள் இருந்த தாளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தவருக்குத் தலை சுற்றியது. பக்க விளைவு: வயிற்றுப்போக்கு. போகவில்லை என்றுதானே மாத்திரையே வாங்கியது? அப்படியானால் போனால் குணமா, கோளாறா? மனைவியிடம் கேட்டார்.

"முதல்ல வரட்டும். அப்புறம் பேர் வெக்கலாம்," என்று அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ஒன்றும் வரவில்லை. மருந்துக் கடைக்காரர் பொறுமை வேண்டும் என்றார். மைத்துனர் இரண்டாகப் போட்டுப் பார்க்கச் சொன்னார். டாக்டர் அப்படியே தொடரச் சொன்னார். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் அவர் மூவருக்கும் தலையாட்டினார்.

இதற்கிடையில், அலுவலகத்தில் அவர் மாத்திரை விழுங்குவதைத் தட்டச்சு செய்யும் அம்மாள் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டாள். ஊழியர்களுக்கு ஒழுங்கைப் பற்றி வகுப்பெடுக்கிறவர் எதற்கென்று சொல்வார்? நெஞ்சில் கை வைத்து, "ஹார்ட்டுக்கும்மா," என்றார்.

மறுநாளிலிருந்து அவருடைய மதிப்பே வேறு. லிஃப்ட் அவருக்காக நின்றது. ஃபைல்கள் தாமாக நடந்து மேசைக்கு வந்தன. உழைத்து உழைத்தே இதயத்தைத் தேய்த்துக்கொண்டவர் என்று பெயர். அது அவருக்கும் பிடித்திருந்தது, இயக்குநர் கூப்பிட்டு அனுப்பும்வரை.

"மேலாளர் வேலைன்னா ஓயாத அலைச்சல். உங்க உயிரோட விளையாட மனசு வரல. பக்கத்து செக்‌ஷன்காரருக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்."

துணை மேலாளர் மானத்தையும் நாற்காலியையும் மாறி மாறி எடை போட்டார். நாற்காலிதான் கனத்தது.

"சார், என் ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. எனக்கு மலச்சிக்கல். அவ்வளவுதான்."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "பதவிக்காக உங்களை இவ்வளவு தாழ்த்திக்கணுமா? எந்த மனுஷனாவது இதைத் தன் வாயால சொல்லுவானா?"

இவர் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். இயக்குநர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரே வாயில நுழையல. பெரிய வியாதிதான்."

அப்போதுதான் துணை மேலாளரின் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. இது மாத்திரையா, பயமா என்று அவருக்கே விளங்கவில்லை. முகம் வெளுத்தது, வியர்வை கொட்டியது. இயக்குநர் ஆம்புலன்சுக்காகத் தொலைபேசியை எடுக்க, இவர் எழுந்து ஓடினார். அந்த மாடிக் கழிவறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டிரண்டு படியாகத் தாவி மேல் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பின்னாலேயே மூச்சிரைக்க இயக்குநரும், தண்ணீர் டம்ளருடன் தட்டச்சு அம்மாளும்.

"கதவை உடைக்கச் சொல்லட்டுமா?" என்றார் இயக்குநர்.

"வேண்டாம் சார்! ஹார்ட் பேஷன்ட் இப்படிப் படியேறுவானா? நீங்களே சொல்லுங்க."

இயக்குநர் ஏறி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார். உள்ளிருந்து எழுந்த சத்தம் மீதிச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது. தட்டச்சு அம்மாள் டம்ளரோடு சட்டென்று கீழே இறங்கிப் போனாள்.

"நிஜந்தான் போலிருக்கு," என்றார் இயக்குநர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி. பிறகு கவலையோடு கேட்டார்: "ஆனா மேலாளர்னா மீட்டிங்ல மணிக்கணக்கா நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம இருக்கணுமே. உங்களால முடியுமாய்யா?"

உள்ளே, பல நாள் பாரம் இறங்கிய சுகத்தில் கண்ணீர் மல்க உட்கார்ந்திருந்த துணை மேலாளருக்கு, தான் குணமாகிவிட்டதாகச் சொல்வதா, இன்னும் ஆகவில்லை என்பதா என்று புரியவில்லை. யோசிக்கவும் வயிறு விடவில்லை.