பிடிதானியப் பானை

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் போடத் தானியம் அள்ளும்போது ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் நான் கூடையோடு வீடு வீடாகப் போவேன். கூடையின் மேல் ஒரு துணி மூடியிருக்கும். வீட்டுக்காரி துணிக்கடியில் கையை விட்டுக் கொட்டுவாள். யார் போட்டார்கள், எதைப் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று வாங்குகிறவள் வெளியே சொல்லக் கூடாது. என் புருஷன் செத்ததிலிருந்து நான்தான் அந்தக் கூடையைச் சுமக்கிறேன். ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. முப்பத்து நாலாம் வருஷத்து உயிர்த்தெழுந்த பண்டிகையன்று மட்டும் சபை நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்னொரு முறை அப்படி நடந்தாலும் சொல்வேன்.

நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். மேல்வளவு, கீழ்வளவு என்று இரண்டு. மேல்வளவில் காடுதோட்டம் வைத்திருக்கிறவர்கள், கீழ்வளவில் அந்தக் காடுதோட்டத்தில் பாடுபடுகிறவர்கள். இரண்டு பக்கத்திலும் வேதத்துக்கு வந்த குடும்பங்கள் உண்டு. நான் மேல்வளவில் பிறந்தவள். பிடிதானிய ஏற்பாட்டைச் செய்தவர் வெள்ளைக்காரத் துரை. எல்லா வீட்டுத் தானியமும் கோயில் அறையிலுள்ள ஒரே பானையில் விழும். இல்லாதவர்களுக்கு அதிலிருந்து அளந்து கொடுப்போம். மிச்சத்தைப் பண்டிகையன்று ஒரே பானையில் நான் பொங்குவேன். இரண்டு வளவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். துரை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார், யாரும் முணுமுணுக்க முடியாது.

துரை கப்பலேறிப் போனார். முணுமுணுப்பு ஆரம்பித்தது. முணுமுணுத்தவர்களில் முதல்வர் எங்கள் சபை மூப்பர் வெங்கடாசலம். கோயில் நிற்கிற நிலம் அவர் கொடுத்தது. அதை அவரும் மறக்கமாட்டார், மற்றவர்களையும் மறக்கவிடமாட்டார்.

அந்தப் பண்டிகைக்கு முந்தின ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. ஊரில் எல்லாக் கிணறும் வற்றி, மூப்பர் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. அவர் வயலில் மட்டும்தான் நெல் விளைந்தது. அரிசியில் ஒரு சிவப்பு ரேகை ஓடும், பார்த்தாலே அவர் வயல் அரிசி என்று தெரியும். மற்ற எல்லார் வீட்டிலும் ராகிக் களிதான், அதுவும் அரை வயிற்றுக்கு.

கீழ்வளவில் பெருமாயி என்று ஒருத்தி. புருஷன் சென்றாயன் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு மூப்பர் வீட்டில் நெல் குத்திக் காலம் தள்ளினாள். தானும் குழந்தைகளும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று நெடுநாளாகக் காத்திருந்தாள். ஒவ்வொரு தடவை சேலத்திலிருந்து சபைக் குருவான ஐயர் வரும்போதும் மூப்பர், "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று தள்ளிவிடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது எங்கள் சபைக்கென்றே சொன்ன பழமொழி. இந்தப் பண்டிகைக்குப் புது ஐயர் வருகிறார், அவர் பெருமாயிக்கு ஞானஸ்நானம் உண்டு என்று, ஊரில் இருந்து சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். மூப்பரால் தடுக்க முடியவில்லை. அதனால்தான் பானையில் கை வைத்தார்.

சனிக்கிழமை காலையில் கோயிலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இதபாரு சென்னியம்மா, நாளைக்கிப் புது ஐயரு வாராரு. அவருக்கு ராகியும் சோளமும் கலந்த கஞ்சியவா ஊத்தறது? பானையில இருக்கற அரிசியப் பொறுக்கித் தனியா எடுத்துரு. அரிசிய ஐயருக்கும் நம்ம வளவுக்கும் பொங்கிக் கோயிலுக்குள்ள பந்தி போட்டரலாம். ராகியக் களியாக் கிண்டிக் கோயிலுக்குப் பொறவால கீழ்வளவுக்குக் குடுத்தரலாம்."

"ஏனுங்க மூப்பரே, கர்த்தருக்குன்னு கொட்டுனதுக்கப்பறம் நம்முளுது, அவங்குளுதுன்னு ஏதுங்க?"

"நானு ஆரையும் பட்டினி போடச் சொல்லுல. அவங்க தானியம் அவங்களுக்கு, நம்ம தானியம் நமக்கு. இதுல என்ன ஞாயக்கேடு?"

"தொரை இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?"

"அந்த ஞாயமெல்லாம் தொரையோட கப்பலேறிப் போயிருச்சு."

அவர் கணக்கு எனக்குப் புரியாமலில்லை. ஒரே பானை என்றால் ஒரே பந்தி. பானை இரண்டானால் பந்தியும் இரண்டாகும். பெருமாயி ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளட்டும், ஆனால் எழுந்து பார்க்கும்போது அவள் இடம் கோயிலுக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உபதேசியார் தங்கமுத்துவிடம் ஓடினேன். அவருக்கு வருஷக் கூலி நெல் மூப்பர் களத்திலிருந்து வருகிறது. "ஜெபம் பண்ணுவமுங்க" என்றார். ஜெபம் நல்லதுதான். கண்ணை மூடிக்கொள்வதற்கு அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் மாட்டேன் என்றதும் மூப்பர் தம் மனைவி ராமாயியையும் மேல்வளவுப் பெண்கள் சிலரையும் அனுப்பினார். கோயில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சல்லடையில் சலித்து, முறத்தில் கொழித்து, மிஞ்சியதைக் கையால் பொறுக்கினார்கள். கர்த்தருக்குக் கொடுத்ததைக் கர்த்தர் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாதி பிரித்தார்கள். பாவம் என்று தெரிந்தே செய்தார்களா, வேலை என்று செய்தார்களா, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பெருமாயி தலையில் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். மறுநாள் ஞானஸ்நானத்துக்காகக் கோயில் தரையைத் தானே கழுவிவிட ஆசைப்பட்டாள். குழந்தைகள் இரண்டும் ஆளுக்கொரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தன. தாழ்வாரத்தில் நடக்கிறதைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க, தானியத்துல கல்லு கெடக்குதுங்களா?"

ராமாயி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கத்திலிருந்தவள்தான் சொன்னாள்: "கல்லு இல்ல. உங்க ராகிதான்."

பெருமாயி குடத்தை இறக்கிவைத்தாள். அரிசி கிடந்த முறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள். நான் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே போனேன், திரும்பவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன தண்ணீரில் நான்தான் தரையைக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்தார். ஒல்லியான மனிதர், வண்டிப் பாதைப் புழுதி அங்கியெல்லாம். மேசையில் அப்பமும் பாத்திரமும் வெள்ளைத் துணி மூடி இருந்தன. பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்தது. ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் முன்னே வரலாம் என்றார். யாரும் வரவில்லை.

மூப்பர் எழுந்து பணிவாகச் சொன்னார்: "அந்தப் பொம்பளைக்கு விசுவாசம் இன்னும் வேரூனலீங்க ஐயரே. அடுத்த தடவை பாத்துக்கலாமுங்க."

நான் எழுந்துவிட்டேன்.

"விசுவாசம் இல்லாம போனது அவளுக்கில்லீங்க ஐயரே."

"அம்மா, ஆராதனை நடக்குதுங்க," என்றார் ஐயர். "அப்புறம் பேசிக்கலாம். உக்காருங்க."

"அப்பறம் பேசுனா பந்தி முடிஞ்சு போயிருமுங்க."

அறைக்குள் போய் அரிசி முறத்தைக் கொண்டுவந்து மேசைக்கு முன்னால் வைத்தேன். ராகிப் பானையை இழுத்துக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தேன். பானை கழுத்துவரை நிறைந்திருந்தது. முறத்தில் அரிசி அடிப்பக்கத்தைக்கூட மூடவில்லை. குறைகிற அரிசியை வீட்டிலிருந்து கொண்டுவந்து சத்தமில்லாமல் போட்டுவிடலாம் என்று ராமாயி நினைத்திருந்தாளாம், பின்னால் கேள்விப்பட்டேன். நேற்று என்ன நடந்தது என்று ஐயருக்குச் சொன்னேன்.

மூப்பருக்கு முகம் கறுத்தது, ஆனால் அரிசியைப் பார்த்ததும் குரல் ஏறியது. "கொஞ்சமோ நஞ்சமோ, இருக்கற அரிசி பூராவும் எங்க கெணத்து வயலுதுங்க. செவப்பு ரேகையப் பாருங்க. இந்தப் பஞ்சத்துலயும் கர்த்தருக்குக் குடுத்திருக்கறமுங்க."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. எங்களுக்குப் பிள்ளையார் இல்லாமல் போனாலும் பழமொழி இன்னும் இருக்கிறது.

"வயலு உங்குளுதுதானுங்க," என்றேன். "போட்ட கை உங்க ஊட்டுக் கை இல்லீங்க. உங்க ஊட்டுல நெல்லுக் குத்தி வாங்குன கூலியரிசியில பெருமாயி போட்ட பிடிங்க இது. புள்ளைகளுக்கு ராகியக் கரைச்சு ஊத்திப்போட்டு, அரிசியக் கர்த்தருக்குப் போட்டா. உங்க ஊட்டுக் கை இந்தக் கூடைக்குள்ள வந்து எத்தன மாசமாச்சுன்னு நீங்களே சொல்லுங்க. அப்பப் போட்டது அப்பவே இல்லாதவங்களுக்கு அளந்து தீந்துபோச்சுங்க. உங்களப் பாத்து மேல்வளவுல மத்தவங்களும் நிறுத்திப்போட்டாங்க. இந்தப் பானைல இருக்கற ராகியும் கீழ்வளவுதுதானுங்க. நேத்துப் பூராவும் உக்காந்து பிரிச்சீங்களே, எதை எதுலயிருந்து பிரிச்சீங்க?"

ஐயர் பெண்கள் பக்கம் திரும்பினார். "மூப்பர் ஊட்டம்மா, இது மெய்தானுங்களா?"

ராமாயி எழுந்து நின்றாள். புருஷனைப் பார்க்கவில்லை. "தை மாசத்தோட நிறுத்திப்போட்டமுங்க. கோயிலுக்கு நெலமே குடுத்தாச்சு, பிடி வேறயான்னு சொன்னாங்க."

ஐயர் மேசைப் பக்கம் போனார். துணியின் ஓரத்தைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். "இன்னைக்கு இந்த மேசையில என்னால அப்பம் பிட்க முடியாதுங்க. கர்த்தர் ஒரே உடம்புன்னு சொல்லிக் கொடுத்ததை நீங்க சலிச்சு வச்சிருக்கீங்க. அந்தம்மா வீடு எங்க இருக்குது?"

"ஐயரு கீழ்வளவுக்குள்ள போறது மொறையில்லீங்க," என்றார் மூப்பர்.

"ஏசு போற எடத்துக்குப் போறதுக்குத்தான் நான் சம்பளம் வாங்கறனுங்க," என்றார் ஐயர். அதற்குள் படியிறங்கிவிட்டார்.

நான் முறத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பானையைக் கீழ்வளவு ஆட்கள் தூக்கிக்கொண்டார்கள். மேல்வளவிலிருந்து வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். உபதேசியாரும் வந்தார், கடைசியில்.

பெருமாயி வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஐயரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். ஞானஸ்நானம் கொடுக்க வந்திருக்கிறேன் என்றார்.

"வேண்டாமுங்க சாமி," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஏசுசாமி மேல எனக்கு ஒரு கொறையுமில்லீங்க. தண்ணி ஊத்துனதுக்கப்பறமும் எங்களச் சலிச்சுத்தான எடுப்பாங்க. அந்தப் பந்திக்கு எம்புள்ளைகளக் கூட்டியார மாட்டனுங்க."

நான் முறத்திலிருந்த அரிசியை அவள் கண்முன்னே ராகிப் பானையில் கொட்டினேன். முழங்கைவரை விட்டுக் கலக்கினேன்.

"இத உன்ற அடுப்புல ஆக்கு. உன்ற கையால எனக்கு ஊத்து. நானு குடிக்கறதப் பாத்துப்போட்டு அப்பறம் சொல்லு."

என்னைச் சாமி என்று கூப்பிடாதே, அக்கா என்று கூப்பிடு என்று அவளோடு எத்தனையோ நாளாகச் சண்டை பிடித்து வந்தேன். அக்காங்க என்று இழுத்துத்தான் கூப்பிடுவாள். அன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெய்யாலுமா அக்கா?"

"மெய்யாலுந்தான். எனக்குப் பசிக்குது."

முறைப்படி ஞானஸ்நானம் முதலில், பந்தி பிறகு. அன்று பந்திதான் முதலில் நடந்தது. முதல் கஞ்சியை நான் வாங்கிக் குடித்தேன். ஐயரும் மண்தரையில் உட்கார்ந்து அவள் ஊற்றிய கஞ்சியை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். அரிசி வெந்து ராகி அடியில் பிடித்திருந்தது. நல்ல சமையல் என்று சொல்லமாட்டேன். குடித்து முடித்த பிறகு பெருமாயியே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஐயர் முன்னால் வந்து நின்றாள். அவள் வீட்டுக் குடத்திலிருந்தே தண்ணீர் அள்ளி அவளுக்கும் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். பிறகு ஒரு ஆளை அனுப்பிக் கோயில் மேசையிலிருந்த அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துவரச் செய்தார். பெருமாயி வாசலில்தான் அந்த வருஷம் எங்களுக்குக் கர்த்தருடைய பந்தி.

அடுத்த சனிக்கிழமை கூடையை எடுத்தபோது, மூப்பர் வீட்டுக்குப் போகாதே என்று எல்லாரும் சொன்னார்கள். நான் முதலில் அங்கேதான் போனேன். மூப்பர் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் அசையவில்லை. கோயிலுக்குப் போன காலும் வலிக்காது, கூடையைப் பிடித்த கையும் வலிக்காது என்று நின்றேன்.

ராமாயி உள்ளேயிருந்து வந்தாள். கூடையின் மேலிருந்த துணியை எடுத்து என் தோளில் போட்டாள். புருஷன் பார்க்கத் திறந்த கூடையில் கையை விரித்தாள். ராகி. அந்த வீட்டில் ராகி பண்ணையாட்களுக்கு மட்டும்தான் புழங்கும்.

"இனிமே நானும் ராகியே போடறனுங்க அக்கா," என்றாள். "கீழ்வளவு போட்டது எது, நான் போட்டது எதுன்னு ஆராலும் பொறுக்கி எடுக்க முடியாது பாருங்க."

மூப்பர் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் தணியவில்லை, அதனால் ஒன்றும் சொல்லாமல் கூடையைக் குலுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.