வூட்டுக்கே ஒரே ட்யூப்

எங்க வூட்டுக்காரரு விக்டர், தன் படர்தாமரைக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஆயின்மென்ட்டை, ஏழு மாசப் பாப்பாவோட தொடைப்புண்ணுக்கும் தடவி, மேல டயப்பரையும் மாட்டி விட்டிருக்காரு.

"இது ஸ்டீராய்டும்மா. டயப்பருக்குள்ள போட்டா உடம்புக்குள்ளயே இறங்கும்"னு தருமபுரி டாக்டரம்மா சொன்னதும் எனக்கு உயிரே போச்சு.

"எத்தன நாளு?"ன்னு இவரப் பாத்துக் கேட்டாங்க.

"ரெண்டு நாளுங்க."

"நல்லவேள, ஒண்ணும் ஆகல. நிறுத்திடுங்க. உங்க படர்தாமரைக்கும் இது ஆகாது, வேற எழுதித் தரேன்."

போன உயிர் திரும்பி வந்துச்சு. பஸ்ஸுல பாப்பாவை மடியில போட்டுக்கிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். எங்க ஊரு மாரண்டஹள்ளியில இறங்கினதும் மனுசன் மெதுவா கேட்டாரு:

"ஆக்சிலியா, மாட்டுக் கொட்டாயில நிக்கிற கன்னுக்குட்டிக்கும் தடவுனேனே, அத எந்த டாக்டருகிட்ட காட்டுறது?"