கொழுப்பு மறக்கவில்லை

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, பொருந்தியது சின்ன அக்காவுடையது மட்டும்தான். அவளோ நூற்றுநான்கு கிலோ. “எண்பதுக்குக் கீழ வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, பத்து மாதத்தில் எழுபத்தொன்பதுக்கு வந்தாள். தேதியும் குறித்தாயிற்று. அந்த வாரம் பார்த்துத் தம்பிக்கு நுரையீரலில் கிருமி தொற்றியது. அறுவை மூன்று மாதம் தள்ளிப்போனது. அதற்குள் தராசு எண்பத்தெட்டைக் காட்டியது.

“திருட்டுத் தீனி தின்னிருப்பா” என்று அம்மா அலமாரியைப் பூட்டினாள்.

“நீ தின்ன அளவுதான்க்கா நானும் தின்னேன்” என்றாள் சின்னவள், பெரிய அக்காவிடம்.

பெரியவள் நம்பினாள். ஆய்வுக்கூடத்தில் எலிகளின் கொழுப்பை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுவது அவள் வேலை. ஒரே எடையுள்ள இரண்டு கூட்டம் எலிகள். ஒன்று முன்பு கொழுத்து இளைத்தது, மற்றது கொழுக்கவே இல்லை. இரண்டுக்கும் ஒரே கொழுப்புத் தீனி. இளைத்த கூட்டம்தான் மளமளவென்று ஊதியது.

“ஜீன் மாறலை. எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு கொழுத்தப்ப அதுமேல விழுந்த குறி இருக்கே, அது இளைச்சும் போகலை” என்றார் ஆய்வாளர்.

“அழிக்க முடியாதா மேடம்?”

“எலிக்கே இன்னும் வழி தெரியலையே.”

ஆறுதலாக இருக்கட்டும் என்று பெரியவள் அதை வீட்டில் சொன்னாள்.

“எலியும் இவளும் ஒண்ணா?” என்றாள் அம்மா.

சின்னவள் முகம் மட்டும் தெளிந்தது. “அப்ப என் தப்பு இல்லையா?” உடனே, “அப்ப நான் என்ன பண்ணாலும் திரும்ப ஏறுமா?” என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து வெறும் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடுவதைப் பார்த்த டாக்டர், “இனி உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா” என்று கொடையாளி பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்.

ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கிடந்த தம்பி, சின்ன அக்கா அழுவதைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

“விடு. நான்தான் நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டு வர்றேனே, வேணும்னா கத்துத்தரேன்.”

யாரும் சிரிக்கவில்லை. இயந்திரம் நிற்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பெரியவள் அவன் காலைப் போர்த்திவிட்டாள்.