‘ஹெரா’வுக்கு வந்த எட்டுச் செய்திகள்

அவூர் என்ற என் அண்ணியின் கைபேசி காலையில் எட்டு முறை அதிர்ந்தது. எட்டிலும் ஒரே வரி: ‘ஹெரா’ படகு கரை சேர்ந்தது. நேற்று ஏரிக்குள் போன என் அண்ணனின் படகு அது. விடியலில் காற்று வேறு பேயாய் அடித்திருந்தது. கரையிலிருந்து நான் மூச்சிரைக்க ஓடிவந்தபோது அவள் கூவோன் களிக்குக் கொதிக்கும் தண்ணீரில் சோளமாவைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் வெண்ணிற ஆவி.

“உங்கண்ணன் என்ன எட்டுப் பேராடி? ஒருத்தர் வந்ததுக்கு எட்டு தடவ கத்துது உன் கம்ப்யூட்டர்!”

அண்ணியின் அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

படகு கரை சேர்ந்ததும் அதனதன் வீட்டுக்குச் செய்தி அனுப்பும் நிரலை எழுதியவள் நான்தான். அந்த நிரலில், கரைக்கு வந்த படகு ஒவ்வொன்றுக்கும் ஒரு தூதன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். படகின் பெயரையும் வீட்டையும் நகலெடுத்து அவரவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். நான் சிக்கனம் பார்த்து வெறும் சுட்டியைக் கொடுத்தேன். அதாவது, ‘அந்தப் பலகையில் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்’ என்று அனுப்பிவிட்டேன். எட்டுத் தூதர்களும் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பலகை எல்லாப் படகுகளின் பட்டியலையும் ஒவ்வொன்றாக எழுதி அழித்து, கடைசிப் பெயரில் வந்து நின்றுவிட்டது. ஹெரா. இன்னும் வராததால் தூதனே இல்லாத படகு. சுட்டி என்று பெயர் வைத்தவர் அதன் சேட்டை தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

“அண்ணி, அண்ணன் இன்னும் வரல. வந்த எட்டும் மத்தவங்க படகு. தப்பு என்னோடது.”

மரக்கரண்டி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகச் சுழன்றது.

“பாதியில விட்டா கட்டி தட்டிடும்” என்றாள், என்னைப் பார்க்காமலே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலில் உட்கார்ந்து, மடிக்கணினியில் நிரலின் அந்தத் தப்பான வரியைத் திருத்தி ஓடவிட்டேன். இனி ஒவ்வொரு தூதனுக்கும் அவனவன் நகல். எதிரே ஏரி முழுக்கப் பனிமூட்டம். ஆகாயத்தாமரைத் திட்டுகள் அதில் மிதந்துவந்தன. ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் படகாக இருந்துவிட்டுக் கலைந்தது. அடுப்படியின் ஆவியும் ஏரியின் பனியும் ஒன்றுதானோ என்று தோன்றியது.

அவள் கூவோனைத் தட்டில் கவிழ்த்து, மூடி, கரைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். மேட்டில் ஏறும்போது அவள் இடுப்பு முடிச்சில் கைபேசி அதிர்ந்தது. ஒரே முறை.

“அண்ணி, இது சரியாத்தான் இருக்கும். எடுத்துப் பாருங்க.”

“உன் கம்ப்யூட்டர் சொல்றத நீயே பாருடி.”

அவள் கண் ஏரியிலேயே இருந்தது. கரையோரப் பனிக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள். கையிலிருந்த தட்டில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.