கடுவனுக்கு வந்த சர்க்கரை

குப்பண்ணனுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த அவருடைய ஊரில், எழுபத்திரண்டாம் வருசத்திலிருந்து எழுபத்திநாலு வரைக்கும், இதை நம்பக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை. மனிதருக்கு ஐம்பத்தாறு வயது. முரட்டு எருமையை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்துகிற உடம்பு. ஆனாலும் ஊரே அவரைப் பார்த்துப் பாவப்பட்டது. கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுகிறவன் அவர் இலையை மட்டும் தாண்டிப் போவான். கடைக்கார மம்மது அவருக்கு வெல்லம் விற்பதையே நிறுத்திவிட்டார். கேட்டால், அந்தப் பாவத்தை யார் சுமப்பது என்று திருப்பிக் கேட்பார்.

சர்க்கரை இருந்தது அவருடைய பூனைக்கு.

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பின்னால் நேரம் இருக்காது. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் தோப்பில் கிணறு, கிணற்றோரம் மோட்டார் ரூம், அதற்குள் ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை. எலி வயரைக் கடிக்கிறது என்று கொண்டுவந்து விட்டது. எலிகள் என்ன ஆயினவோ தெரியாது, குப்பண்ணனுக்கு அந்தக் கடுவனைப் பிடித்துப்போயிற்று. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அது அவர் மடியில் கிடக்கும். அவ்வளவுதான் விஷயம். ஒரு ஆளுக்கு ஒரு பூனையைப் பிடிக்கக் காரணம் வேண்டுமா என்ன?

ஒரு கோடையில் அது வாய்க்கால் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க ஆரம்பித்தது. எவ்வளவு தின்றாலும் இளைத்தது. மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்தது. எருமைக்குச் சினை பார்க்க வந்த மாட்டு டாக்டரிடம் குப்பண்ணன் இதை வெட்கத்தோடு சொன்னார். அந்த மனிதர் ஓய்வு பெற இருபது நாள் இருந்த கிழவர். வேலையும் இல்லை, அவசரமும் இல்லை. நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். நீலம் செங்கல் நிறமாயிற்று. காலையும் சாயங்காலமும் தீனியோடு இரண்டு யூனிட் இன்சுலின் போட வேண்டும் என்று சொல்லி, தோல் மடிப்பைத் தூக்கி ஊசி குத்தும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார். மருந்து மனுச டாக்டரிடம்தான் கிடைக்கும், பூனைக்கு என்று கேட்டால் துரத்திவிடுவார்கள் என்றும் சொன்னார். அடுத்த மாதம் ஓய்வு பெற்று எங்கோ வடக்கே தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

குப்பண்ணன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் விடிகாலை, தகரத்தைப் பரப்பிக் கடுவனின் மூத்திரத்தைப் பிடித்து, தைலக் குப்பியில் ஊற்றி, ரோடு பிரியும் முக்கில் ஆசுபத்திரி வைத்திருந்த டாக்டர் மதலேனம்மாளிடம் கொண்டுபோய், இது என்னுதுங்க என்று நீட்டினார்.

மதலேனம்மாள் மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், கறாரான பெண்மணி. குழாயில் ஏறிய நிறத்தைப் பார்த்துவிட்டு, இந்தச் சர்க்கரையோடு நிமிர்ந்து நிற்கிறீர்களே என்று ஆச்சரியப்பட்டார். பெயர் குப்பண்ணன், எடை எழுபத்தொரு கிலோ, தினம் பன்னிரண்டு யூனிட் என்று அட்டை எழுதினார். அந்த வட்டாரத்திலேயே ஐஸ் பெட்டி இருந்தது அவரிடம்தான். அட்டையைக் காட்டினால் மாதம் ஒரு குப்பி. ஈர மணல் பானையில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும், அதற்கு மேல் மருந்து கெட்டுவிடும். கடுவன் உடம்பு தேறி மறுபடியும் மடியில் ஏறியது.

மனைவி பழனாத்தாளுக்கும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தனக்கு ஊசி குத்த வராது என்று சொல்லி, இரண்டு வேளையும் தோப்புக்குப் போய்விடுவார். முதல் நாளே சொல்லியிருக்கலாம்தான். முதல் நாள் வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பயமாக இருந்தது. ஒரு வருசம் ஆனபோது, அவள் அரைத்துக் கொடுத்த பாகற்காய்ச் சாறெல்லாம் நடுவில் வந்து நின்றுகொண்டது. வெல்லம் போடாத காப்பியும் களியுமாக மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தார்.

எழுபத்திநாலு மாசிக் கடைசியில் கடுவன் வரப்போரம் கிடந்த கெட்டுப்போன கருவாட்டுத் தலையைத் தின்றுவிட்டது. இரண்டு நாள் வாந்தி, பேதி. தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தின்னாத வயிற்றுக்கு ஊசி போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிரே போய்விடும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். போடாவிட்டாலும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? குப்பண்ணன் மோட்டார் ரூமைச் சாத்தினார். ஓடினார் டாக்டரம்மாவிடம்.

"நாலு தடவ வாந்திங்க. பேதியுமுங்க. ரெண்டு நாளா ஒண்ணுமே தொடறதில்லீங்க" என்றார்.

"என்னத்தத் தின்னீங்க?"

"கருவாட்டுத் தலைங்க."

"எங்க வச்சு?"

"வரப்போரமா கெடந்துச்சுங்க."

மதலேனம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். ஐந்து ஏக்கர் நஞ்சை உள்ள மனிதர், வரப்போரம் கிடந்த கருவாட்டுத் தலை. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மூணாறில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை இரண்டு மணிக்கு ஒரு தரம் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், வாந்தி நிற்கும்வரை ஊசி வேண்டாம், சாப்பிட ஆரம்பித்ததும் பாதி அளவு போடலாம் என்றார். குப்பண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பன்னிரண்டில் பாதி ஆறோ என்னமோ, இரண்டில் பாதி ஒன்று. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும்.

தெரியாமல் போனது கம்பவுண்டர் சுருளிவேலின் வாய். குப்பண்ணன் வீடு போய்ச் சேர்வதற்குள், உங்க ஊட்டுக்காரருக்கு நாலு தடவை வாந்தியாமே என்ற சேதி பழனாத்தாளுக்குப் போய்விட்டது. வந்தவரைக் கையைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தாள். பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை இரண்டு மணிக்கு ஒரு தரம் உப்புக்கஞ்சி. வேண்டாம் என்றால் கண்கலங்குவாள். பசியோ பசி, மலையைத் தின்கிற பசி; கிடைத்ததோ அரை டம்ளர் கஞ்சித் தண்ணீர். அதிலும் பாதியை மிச்சம் பிடித்துக்கொண்டு, வெளிக்குப் போய்வருகிறேன் என்று தோப்புக்கு ஓடி, பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரால் சொட்டுச் சொட்டாகக் கடுவனின் கடைவாயில் விடுவார். கஞ்சி குடித்துவிட்டு இத்தனை தடவை வெளிக்குப் போகிறாரே என்று பழனாத்தாள் இன்னும் பயந்தாள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்: இந்த மனுசன் பிழைத்து எழுந்தால், பங்குனி நோம்பிக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் தாயே.

மூன்றாம் நாள் கடுவன் தானாக நாக்கை நீட்டிக் கஞ்சியை நக்கியது. குப்பண்ணன் மோட்டார் ரூமில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்கே ஒரு யூனிட் போட்டார். வீங்கிய கண்ணோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்த பழனாத்தாள், ஆள் தேறமாட்டார் என்று முடிவுகட்டி, வண்டி பூட்டி ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கேதான் கேடு வந்தது. மதலேனம்மாள் சுருளிவேலிடம் காலிக் குப்பியைக் கொடுத்து, குப்பண்ணனைப் பின்கட்டுக்கு அனுப்பச் சொன்னார். மனிதருக்கு முழி பிதுங்கியது. வீட்டிலிருந்து கொண்டுவந்து தருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சுருளிவேல் கதவோரம் நின்றுகொண்டான். வேறு வழியில்லாமல் முதல் தடவையாகத் தன்னுடையதைக் கொடுத்தார்.

நீல மருந்து நீலமாகவே நின்றது. மதலேனம்மாள் நம்பாமல் இன்னொரு தரம் காய்ச்சினார். மூன்றாவது தரம் குழாயை மாற்றிப் பார்த்தார். நீலம்தான்.

"ஒமக்குச் சர்க்கரையே இல்லய்யா. இப்படி நான் பார்த்ததே இல்ல" என்றார். அட்டையை வாங்கிக் குறுக்கே கோடு போட்டார்.

பழனாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். குப்பண்ணன் செத்த வீட்டுக்கு வந்தவரைப் போல நின்றார். மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கெஞ்சினார். சர்க்கரை மறுபடியும் வரும், எனக்குத் தெரியும் என்றார். இல்லாத சர்க்கரைக்கு ஊசி போட்டால் சாவுதான் என்று டாக்டரம்மா அதட்டி அனுப்பிவிட்டார். ஊசியை நிறுத்தாதே என்று ஒருவன் அழுததை ஆசுபத்திரித் திண்ணையில் இருந்தவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

ஊர் கொண்டாடியது. மம்மது ஒரு கட்டி வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து வீட்டிலேயே கொடுத்தார். மணல் பானையில் இருந்த குப்பியிலோ மாதம் முடிய நாலே நாள் மிச்சம்.

அன்று சாயங்காலம் பழனாத்தாள் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். இரண்டிலும் வெல்லம். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு வருசமாச்சு, ருசியே மறந்துபோச்சு" என்றாள்.

அவர் குடிக்காமல் எத்தனை நாளோ, அவளும் அத்தனை நாள் குடிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. குப்பண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். பொய் சொன்னவனுக்கு என்ன தண்டனை கொடுப்பது என்று சாமி யோசித்திருந்தாலும் இதைவிட மோசமாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்காது. எனக்கே அவர்மேல் கோபம் வருகிறது. நாலு நாளும் அவர் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் குப்பி கெட்டுப்போனது. கடுவனோ அப்போதுதான் முழு வயிற்றுக்குத் தின்ன ஆரம்பித்திருந்தது. ஊசி இல்லாவிட்டால் தின்பதெல்லாம் வீண். அன்றைக்குத்தான் பழனாத்தாள் டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்ல வெல்லப் பூரணம் வைத்து ஒப்பிட்டுச் சுட்டு, தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குப்பண்ணனும் மூடி போட்ட கூடை ஒன்றோடு வண்டியில் ஏறினார். டாக்டரம்மாவுக்குத் தேங்காய் என்று நினைத்து அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆசுபத்திரியில் ஏழெட்டுப் பேர். மம்மதும் மூட்டு வலிக்கு மருந்து வாங்க வந்திருந்தார். குப்பண்ணன் கூடையை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். கடுவன் எழுந்து நின்று சோம்பல் முறித்தது.

"சர்க்கரை இதுக்குத்தானுங்க. எனக்கு எப்பவுமே இல்லீங்க" என்றார். பிறகு நிற்காமல் எல்லாவற்றையும் கொட்டினார்: எறும்பு, தைலக் குப்பி, கருவாட்டுத் தலை, பில்லர். மருந்து கொடுத்தால் போதும், அப்புறம் போலீசில் பிடித்துக் கொடுத்தாலும் சரி என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பழனாத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒப்பிட்டுத் தூக்கை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். கண்ணீர் தாரையாக இறங்கியது. அதைத் துடைக்கவும் இல்லை.

மதலேனம்மாள் பூனையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். குழந்தைகளை நிறுக்கும் தராசில் தூக்கி வைத்தார். மூன்றே முக்கால் கிலோ. புது அட்டை ஒன்றை எடுத்து, இதுக்குப் பேர் என்ன என்று கேட்டார். குப்பண்ணன் கடுவனைப் பார்த்தார். இத்தனை வருசமாக அதை "இந்தா" என்றுதான் கூப்பிட்டார்.

"பழைய அட்டையே இருக்கட்டுங்கம்மா. ரெண்டு வருசமா அந்தப் பேருலதான வைத்தியம் ஆச்சு? எடைய மட்டும் மாத்திக்குங்க. இந்தாளுக்கு நான் வேற பேரு வெச்சுக்கறேன்" என்றாள் பழனாத்தாள்.

டாக்டரம்மா அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் எடையை மாற்றி எழுதினார். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வைத்தார். குப்பண்ணன் கும்பிட்டார். அப்புறம்தான் பெண்டாட்டியின் பக்கம் திரும்பத் தைரியம் வந்தது.

"தீச்சட்டி நீங்கதான் எடுக்கறீங்க" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். "நேந்தத நிறுத்த முடியாது. நான் எடுக்க மாட்டேன். நாளைக்குக் காப்புக் கட்டிக்குங்க."

"எடுக்கறேன் புள்ள" என்றார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சம்மதித்திருப்பார். ஆனால் வண்டிவரைக்கும் போனவர் நின்றுவிட்டார். காப்புக் கட்டினவன் நோம்பித் திருவிழா முடிகிறவரைக்கும் ஊர் எல்லை தாண்டக்கூடாது. வாய்க்கால்தான் எல்லை. மோட்டார் ரூம் அந்தப்பக்கம். கடுவனை ஊருக்குள் கொண்டுவந்தால் தெருநாய் விடாது.

"எட்டு நாளுங்களே" என்றார், யாரிடம் என்றில்லாமல். அடிக்குப் பயந்த ஆளைப் போல் மெதுவாகத்தான் சொன்னார். "பதினாறு ஊசி."

பழனாத்தாள் அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.  பிறகு ஒப்பிட்டுத் தூக்கை மம்மதின் கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய், டாக்டரம்மாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்க குத்தோணுமுங்கம்மா?" என்றாள். "ஒருக்கா காட்டிக்குடுங்க."