மணி அடித்ததும் எழுந்தவர்கள்

அப்பாவுக்கு இரங்கல் கூட்டம் அவர் தலைமையாசிரியரா இருந்த பள்ளிக்கூடத்துலயே நடந்துச்சு. அஞ்சு மணின்னு போட்டிருந்தாங்க, டாண்ணு அஞ்சுக்கே ஆரம்பிச்சாங்க. இல்லேன்னா சார் படத்துலேருந்து இறங்கி வந்து எல்லாரையும் வெளியே நிக்க வச்சிடுவார்னு ஒருத்தர் சொல்ல, மொத்தக் கூட்டமும் சிரிச்சுது. நானும் பல்லைக் காட்டி வச்சேன்.

பேசின ஏழு பேரும் ஒரே பல்லவிதான். நேரம், ஒழுக்கம், மணி. "சார் மணி அடிச்சா பறக்கிற காக்காகூட நின்னுடும்"னு ஒரு பழைய மாணவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்கோ, நிறுத்துங்கய்யா, அந்த மணிதான் எங்களைக் கெடுத்துச்சுன்னு எழுந்து கத்தணும்போல இருந்துச்சு. கத்தலை. மகன் பேசுவார்னு கூப்பிட்டதும் போய், கொடுத்த மூணு நிமிஷத்துல முடிச்சுட்டு இறங்கிட்டேன். வளர்ப்பு அப்படி.

வீட்டுலயும் எங்களுக்கு மணிதான். எழுந்திருக்க ஒண்ணு, குளிக்க ஒண்ணு, சாப்பிட ஒண்ணு. தட்டுல பாதி இருந்தாலும் மணி அடிச்சா எழுந்துடணும். ஏழு வயசுல ஒரு நிமிஷம் லேட்டா போனேன்னு, பெத்த பிள்ளைன்னுகூடப் பார்க்காம, முதல் பீரியட் முழுக்க என்னை வெராண்டாவுல நிக்க வச்ச மனுஷன் அவர். நான் பஸ் டிப்போவுல டைம் கீப்பரா போய் உட்கார்ந்ததுல என்ன ஆச்சரியம்?

ஆனா என் மக பிறந்தா பாருங்க, ஆளே மாறிட்டார். ரிட்டயர் ஆனதும் அவளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது அவர் வேலைன்னு ஆச்சு. அவ என்னைக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கா? கேட்டைப் பூட்டினப்புறம் போய்ச் சேருவாங்க. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கிற குட்டைச் சுவர்மேல அவளைத் தூக்கி விட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி சட்டையைத் தட்டிக்கிட்டு வருவார். முப்பத்தொரு வருஷம் லேட்டா வந்தவங்களைப் பிடிச்ச கை அது! கேரம் ஆடும்போது அவ விரலால காயைத் தள்ளினா இவருக்குக் கண்ணே தெரியாது. "எனக்கு ஒரு சட்டம், அவளுக்கு ஒரு சட்டமா?"ன்னு ஒரு நாள் சண்டைக்கே போயிட்டேன். "நீ சொன்னா கேட்பே, அவ கேட்க மாட்டா. நான் என்னடா பண்றது?"ன்னு சிரிச்சார்.

அந்த மக இப்போ பன்னெண்டு நாளா என்கிட்ட பேசலை.

ஆஸ்பத்திரியில பார்வையாளர் நேரம் நாலுலேருந்து ஆறு. மூச்சுத் திணறி அப்பாவைச் சேர்த்த மூணாவது நாள் அது. ஆறு ஆனதும் வார்டு ஊழியர் மணியை ஆட்டிக்கிட்டு வந்தார். ஆறு கட்டில். எங்கேயும் ஒரு ஆள் அசையணுமே! ஒரு அம்மா அப்பத்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறாங்க. ஒருத்தர் கட்டிலுக்கு அடியில எதையோ தேடற மாதிரி குனிஞ்சுட்டார். "ரெண்டே நிமிஷம்ணே"ன்னு இன்னொருத்தர் கெஞ்சறார். ஸ்பிரிங் வச்ச மாதிரி எழுந்தது நான் மட்டும்தான். அப்பாவும் விரலால வாசலைக் காட்டினார்.

"நான் இருக்கேன்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னு மக கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. "மணி அடிச்சாச்சு"ன்னு அவ விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு இழுத்துட்டு வந்தேன். ஏழு மணிக்கு முன்னாடியே போன் வந்துடுச்சு.

"தாத்தாவைத் தனியா விட்டுட்டு வந்துட்டியேப்பா." அதுதான் அவ கடைசியா சொன்னது. காலேஜ் போறா, வர்றா, சாப்பிடறா. நான் இருக்கிற ரூமுக்கு வர்றதில்லை. அவ அம்மா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. வீட்டுல மிச்சம் நாங்க ரெண்டே பேர். ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும்னு நான் டிவியைச் சத்தமா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். தாத்தா நல்லாத் தூங்கிட்டார், யாரையும் தேடலைன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதும், அதைக் கொண்டுபோய் அவகிட்ட கொடுத்து மறுபடியும் பேச வச்சிடலாம்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்.

கூட்டம் முடிஞ்சு நாற்காலியை அடுக்கிக்கிட்டிருக்கும்போது அந்த ஆள் வந்தார். ஆஸ்பத்திரியில அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்த தையல்காரர். கையில இன்னும் பிளாஸ்திரி.

"நாங்க போனதும் தூங்கிட்டார்தானே?"ன்னு முதல் கேள்வியே அதைத்தான் கேட்டேன்.

"இல்ல தம்பி, வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார். மாஸ்க்கைத் தூக்கிட்டு, 'என் பேத்தி வருவா பாருங்க, எதையோ மறந்துட்டேன்னு சாக்கு சொல்லிட்டு ஓடி வந்துடுவா, அவளாவது மணிக்குக் கட்டுப்படறதாவது'ன்னார். வாசல் மறைக்குதுன்னு என் வீட்டுக்காரியைத் தள்ளி உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் கண்ணை மூடினார். தூங்கறார்னுதான் நாங்களும் நினைச்சோம்."

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வச்சேன். "என்னைப் பத்தி ஏதாவது?"

"நானே கேட்டேன், பையன் வருவாரான்னு. 'அவன் வர மாட்டான், நல்ல பையன்'னார்."

நல்லதாத்தான் சொல்றதா நினைச்சு என் தோளைத் தட்டிட்டுப் போனார், பாவம்.

பஸ்ல வர்ற வழி முழுக்க பொய்யை ஒத்திகை பார்த்தேன். தூங்கிட்டாராம்மா, தூங்கிட்டாராம்மா. அவ ரூம் வாசல்ல போய் நின்னு வாயைத் திறந்ததும் உண்மைதான் கொட்டுது. அந்தம்மா வாசலை மறைச்சது வரைக்கும் சொல்லிட்டேன். மக அப்படியே உட்கார்ந்து கேட்டா.

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம்."

அவ முகம் கோணிப்போச்சு. இப்போ கத்தப்போறா, கத்தட்டும், எனக்கு நல்லா வேணும்னு நின்னேன். கத்தலை.

"தாத்தா உன்னை எதிர்பார்க்கவே இல்லையாப்பா?"

"இல்லம்மா. நல்ல பையன்னு சொன்னாராம்."

அதுக்கு மேல என்னால முடியலை. அம்பத்திரண்டு வயசுல, பெத்த மக முன்னாடி, விக்கி விக்கி அழுதேன். அவ கிட்ட வரலை. "போ"ன்னும் சொல்லலை.