இழுத்துப் போட்ட பட்டியல்

கணினியில் 'வீடு' என்ற கோப்புறையில் பன்னிரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்பது திறந்தன. மூன்று மட்டும் சுலோஜனாவுக்கு 'அனுமதி இல்லை' என்றன.

மட்டக்களப்பு நகரில் இருந்த அந்த உதவி நிறுவனத்தின் கோப்புகள் இருக்கும் சேர்வர் கணினியைப் பார்ப்பவள் ஏறாவூர் நிஸ்றா. சுனாமி வீட்டுத் திட்டக் குழுவுக்கு அந்தக் கோப்புறையைத் திறந்துவிட்டவளும் அவள்தான். சுலோஜனா அந்தக் குழுவில் இருக்கிறாள். பிறகேன் மூன்று மட்டும் முரண்டுபிடிக்கின்றன? மூன்றும் இந்த மாதம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. ஒவ்வொரு முறையும் நிஸ்றா தானே திறந்து அச்சடித்துக் கொடுத்தாள். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

நிறுவனத்தின் முகாமையாளர் அருமைநாயகம் வந்து நின்றார்.

"தங்கச்சி, பன்னிரண்டு மணிக்குள்ள சரிவராட்டி எல்லாத்தையும் எல்லாருக்கும் துறந்து விடுங்க."

"முகாம் கோப்புறையையுமா சேர்?"

"எல்லாத்தையும்தான். சனத்துக்கு வேல நடக்கணும்."

அவர் போனபின் நிஸ்றா மணியைப் பார்த்தாள். பத்தரை. இடம்பெயர்ந்தோரைப் பற்றிய 'முகாம்' கோப்புறைக்குள் காணாமற்போனவர்களைப் பற்றி உறவினர் கொடுத்த வாக்குமூலங்கள் இருந்தன. முகாமிலிருந்த சின்னத்தங்கம் காணாமற்போன தன் மகனைப் பற்றிச் சொன்னதைத் தட்டச்சு செய்தவள் நிஸ்றா. "முகாம் குழுவுக்கு வெளிய ஆரும் பார்க்கமாட்டாங்க" என்று அந்தத் தாயிடம் சொல்லியுமிருந்தாள். அது போர் நடந்த 2007. யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது கைமாறக் கூடாத காலம்.

திறக்காத மூன்று பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். மூன்றையும் போட்டவர் முகாம் குழுவின் சதீசன். அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணன், இதெல்லாம் எப்பிடி 'வீடு' கோப்புறைக்குள்ள வந்த?"

"நான்தான் கொண்டுவந்து போட்டன். முகாம்ல எழுதி முடிச்சா வீட்டுக் குழுவுக்குக் குடுக்கணும்தானே."

"கொப்பி பண்ணியா, இழுத்தா?"

"இழுத்துத்தான். ரெண்டு இடத்தில கிடந்தா நீதானே ஏசுவாய்."

சுலோஜனா சிரித்தாள். நிஸ்றா சிரிக்கவில்லை, அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது.

'முகாம்' கோப்புறையில் வெற்றுக் கோப்புகள் இரண்டை உருவாக்கினாள். ஒன்றைக் கொப்பி பண்ணி 'வீடு' கோப்புறைக்குள் ஒட்டினாள். மற்றதை இழுத்துப் போட்டாள்.

"இப்ப துறந்து பாருங்க, சுலோஜனா அக்கா."

ஒட்டியது திறந்தது. இழுத்தது மறுத்தது.

"இஞ்ச பாருங்க," என்றாள் நிஸ்றா. கதிரையை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஒரே டிஸ்க்குக்குள்ள இழுத்தா கோப்பு அசையிறதேயில்ல. விலாசம் மட்டும்தான் மாறும். பழைய பூட்டு அதோடயே வந்திரும். கொப்பி பண்ணினா புதுசா ஒண்டு பிறக்கும். அது பிறந்த இடத்துப் பூட்டைத்தான் எடுக்கும்."

"முகாம் மாறின சனத்துக்கு நிவாரணக் காட் பழைய முகாம்லயே கிடக்கிற மாதிரி," என்றாள் சுலோஜனா. "புதுசாப் பதியாட்டி சாமான் கிடைக்காது."

"ஓம், அதேதான்."

சதீசன் தலையைச் சொறிந்தார். "அப்ப பூட்டுல பிழையில்ல. பிழை என்ட கையில."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நிஸ்றா அருமைநாயகத்தின் மேசையில் ஒரு தாளை வைத்தாள். 'முகாம்' கோப்புறையின் பூட்டில் அவள் கை வைக்கவில்லை. 'வீடு' கோப்புறைக்கு மட்டும் அதன் அனுமதியை உள்ளே கிடக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் மறுபடி போட்டிருந்தாள். பன்னிரண்டும் திறந்தன. தாளில் இருந்தது இவ்வளவுதான்:

வேறு குழுவின் கோப்புறைக்குக் கோப்பை இழுத்துப் போட வேண்டாம். கொப்பி பண்ணி ஒட்டுங்கள். திறக்கிறதா என்று பார்த்தபின் பழையதை அழியுங்கள்.